உப்பளக் கோடைக்கு நன்னாரிப் பாகு: ஒரு டம்ளருக்கு எவ்வளவு ஊற்றலாம்?

மாசி பிறந்ததும் மரக்காணம் உப்பளங்களில் வேலை சூடுபிடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் முழுகிக் கிடந்த பாத்திகளைச் சீர்செய்து, உப்புநீர் பாய்ச்சி, காயவைத்து, வாரிக் குவிக்கும் வேலை புரட்டாசி வரை நீளும். உப்பு விளைய எந்த வெயில் தேவையோ, அதே வெயிலில்தான் தொழிலாளியும் நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்பில் ஒதுங்க ஒரு மரநிழல் கிடையாது. மேலிருந்து அடிக்கும் வெயில் போதாதென்று, வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலும் முகத்தில் அடிக்கும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை எளிதில் ஆவியாகாது. வியர்வை ஆவியாகாவிட்டால் உடல் குளிராது.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழக உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர், பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்பைத் தாண்டிய சூழலில் வேலை செய்வது அதில் தெரியவந்தது. சுமார் 7 சதவீதத்தினருக்குச் சிறுநீரகத்தின் செயல்பாடு குறைந்திருந்தது. உடலில் நீர் வற்றுவதும் சிறுநீரகம் பாதிக்கப்படுவதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

இந்த வெயிலில் தாகத்துக்கு எதைக் குடிப்பது? சாலைக்கு வந்தால் குளிர்பானம், தேநீர், பாக்கெட் ஜூஸ் எல்லாம் கிடைக்கும். நம் வேலியோரத்தில் படரும் நன்னாரியும், தரிசில் பூக்கும் ஆவாரையும், கடலூர்க் கடற்கரை மணலில் விளையும் வெட்டிவேரும் இருக்கும்போது, மூலிகைத் தேநீர்ப் பாகு ஒன்றை வீட்டிலேயே காய்ச்சி வைத்துக்கொள்ளலாம். கெட்டியாகக் காய்ச்சிய பாகைப் பாட்டிலில் அடைத்து வைத்தால், வேண்டும்போது தண்ணீரில் கலந்து குடிக்கலாம். செய்முறை எளிது. ஆனால் கலக்கும் அளவில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். எனவே இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

எது நன்னாரி?

ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ் என்பது நன்னாரியின் தாவரப் பெயர். எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த மெல்லிய கொடி. தண்டை ஒடித்தால் பால் வடியும். இலைகள் எதிரெதிராக இருக்கும். பல செடிகளில் இலையின் நடுநரம்பை ஒட்டி வெண்மையான கோடு தெரியும். காய் வெடித்தால் பஞ்சோடு விதை பறக்கும். மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் பார்த்திருப்பீர்கள். அதுபோன்ற வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடுகளின் புதர்களில் நன்னாரி இயல்பாகவே படரும். 1864-ல் பிரிட்டிஷ் மருந்து நூலிலேயே இடம்பிடித்த வேர் இது.

வேரைக் கீறினால் எழும் மணமே நன்னாரியின் அடையாளம். அந்த மணத்தைத் தருவது ஒரு நறுமண ஆல்டிஹைடு. வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினும் இதுவும் ஒரே அணுக்களால் ஆனவை. அடுக்கு மட்டுமே வேறு. இது வெப்பத்தில் ஆவியாகிப் பறந்துவிடும் பொருள். ஆகவே நன்னாரி வேரைத் தண்ணீரில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால், வீடு மணக்கும், பாகு மணக்காது. இந்த ஒன்றை மனதில் வைத்தால் செய்முறையின் பாதி புரிந்துவிடும்.

கடையில் வேர் வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாகாளிக் கிழங்குக்கும் ஏறத்தாழ இதே மணம்தான். நன்னாரி என்ற பெயரில் அதுவும் விற்பனைக்கு வருகிறது. பால்வள்ளி போன்ற வேறு கொடிகளின் வேரும் கலக்கப்படுவதுண்டு. நன்னாரி வேர் பென்சில் பருமனுக்கும் குறைவாக, பழுப்புத் தோலோடு, நீளமாக இருக்கும். மேல்தோலில் மணம் அதிகம். நடுவிலுள்ள வெள்ளைக் கட்டையில் மணம் குறைவு. மணமே இல்லாத வேரை வாங்க வேண்டாம்.

தேவையானவை

உலர்ந்த நன்னாரி வேர் – 100 கிராம்
நல்ல தண்ணீர் – ஒன்றேகால் லிட்டர்
வெள்ளைச் சர்க்கரை – 2 கிலோ
எலுமிச்சைச் சாறு – 60 மி.லி. (இரண்டு பெரிய பழங்கள்)

தண்ணீர் விஷயத்தில் கடற்கரைக் கிராமத்தார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் கடினத்தன்மையும் இருந்தால் பாகின் சுவை கெடும். மழைநீர் சேமித்து வைத்திருந்தால் காய்ச்சிப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் குடிநீரே போதும்.

செய்முறை

1. வேரை மண் போகும் வரை நாலைந்து முறை அலசுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் மணல் முழுவதும் நீங்கும்.

2. உரலில் இட்டு ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். தோல் தனியாக, கட்டை தனியாகப் பிரியும். கட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் நன்கு கொதிக்கவைத்து அடுப்பை அணையுங்கள். அதன் பிறகே வேர்த்தோலைப் போட வேண்டும். இறுக்கமாக மூடி, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். இரும்பு, செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் வேண்டாம். பின்னால் எலுமிச்சை சேரும்போது உலோகம் கரையும்.

4. காலையில் மெல்லிய துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். அடியில் தங்கிய மண்டியை ஊற்ற வேண்டாம். சாறு சரியாக ஒரு லிட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் அதே வேரில் சிறிது வெந்நீர் ஊற்றி, வடித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. கடையில் விற்கும் பாகுபோலக் கருஞ்சிவப்பு நிறம் வேண்டுமென்றால், 2 கிலோ சர்க்கரையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வெறும் வாணலியில் பழுப்பாக உருக்குங்கள். பிறகு சாற்றில் சிறிதளவை மெதுவாக ஊற்றிக் கரையுங்கள். சூடான சர்க்கரை தெறிக்கும், கவனம். நன்னாரியின் இயல்பான நிறம் வெளிர் பழுப்புதான். கடைப் பாகின் கருமை பெரும்பாலும் கருக்கிய சர்க்கரையிலிருந்து வருகிறது.

6. சாற்றில் சர்க்கரையைப் போட்டு, சிறு தீயில் கரையும் வரை கிளறுங்கள். கரைந்ததும் மூடிவையுங்கள். முதல் கொதி வந்த பின் இரண்டு நிமிடம் போதும். எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்து இறக்குங்கள்.

7. பத்து நிமிடம் வெந்நீரில் கொதிக்கவைத்து, ஈரமில்லாமல் உலர்த்திய கண்ணாடிப் பாட்டில்களில் சூடாகவே கழுத்துவரை ஊற்றி உடனே மூடுங்கள். ஐந்து நிமிடம் தலைகீழாக வைத்து எடுத்தால் மூடியின் உட்புறமும் சூட்டில் சுத்தமாகும்.

இந்த அளவில் சுமார் இரண்டேகால் லிட்டர் பாகு கிடைக்கும்.

ஏன் இவ்வளவு சர்க்கரை?

இந்தக் கணக்கில் பாகின் எடையில் 65 சதவீதம் சர்க்கரை. சர்பத் வகைகளில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதே நமது உணவுப் பாதுகாப்பு விதியும். காரணம், இவ்வளவு சர்க்கரை இருக்கும்போது நீர் முழுவதையும் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. நுண்ணுயிர்கள் வளர நீர் மிஞ்சாது. உப்பில் மீன் கெடாமல் இருப்பதும் இதே வழியில்தான். "ஒரு கிலோ சர்க்கரை போதுமே" என்று குறைத்தால் சில நாட்களிலேயே பாகு நுரைத்துப் புளிக்கும். குறைந்த சர்க்கரையில் செய்ய விரும்பினால், குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் குடித்து முடியுங்கள்.

எலுமிச்சை சுவைக்காக மட்டும் சேர்ப்பதல்ல. அதன் அமிலம் சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரிக்கிறது. அதனால் பாட்டிலின் அடியில் கற்கண்டுபோல உறையாது.

பாகு மேற்பரப்பில் மட்டும் பூஞ்சணம் பூப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பாட்டிலைப் பாதி நிரப்பி மூடும்போது ஆவி மூடியில் படிந்து, நீராகச் சொட்டி, மேலடுக்கை நீர்க்கச் செய்வதே காரணம். ஈரக் கரண்டி விடுவதும் அப்படித்தான். பூஞ்சணம், குமிழி, புளித்த வாடை, திறக்கும்போது "டப்" என்ற சத்தம் – இவற்றில் எது இருந்தாலும் தயங்காமல் கொட்டிவிடுங்கள். திறக்காத பாட்டிலை நிழலில் வையுங்கள். திறந்ததைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கருப்பட்டியிலும் செய்யலாம். ஆனால் கருப்பட்டியில் ஈரமும் தூசும் இருப்பதால், கரைத்து வடிகட்டிச் சிறிதளவே செய்ய வேண்டும், சீக்கிரம் புளிக்கும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எதுவானாலும் நீரிழிவு உள்ளவருக்கு அது சர்க்கரைதான்.

அளவுதான் மருந்து

இனி கணக்குக்கு வருவோம். வழக்கமாகச் சர்பத் கடையில் ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மி.லி. பாகு ஊற்றுவார்கள். நம் பாகில் 30 மி.லி. என்றால் அதில் சுமார் 26 கிராம் சர்க்கரை. உணவில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஒரே டம்ளரில் அது முடிந்துவிடுகிறது. வெயிலில் நாலு டம்ளர் குடித்தால் நூறு கிராமைத் தாண்டும். "மூலிகை, குளிர்ச்சி" என்ற பெயரில் சர்க்கரையைத்தான் குடித்திருப்போம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இனிப்பு அதிகமான பானம் வயிற்றிலிருந்து மெதுவாகவே குடலுக்கு இறங்கும். வேகமாகத் தண்ணீர் தேவைப்படும் நேரத்தில் அது தாமதமாகிறது. கடைச் சர்பத் குடித்த சிறிது நேரத்தில் மறுபடியும் தாகம் எடுப்பது பலருக்கும் பழக்கமான அனுபவம்தான்.

வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கலக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் நினைவிருக்கிறதா? ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவான சர்க்கரையும் உப்பும் சேரும்போது குடல் நீரை விரைவாக உறிஞ்சுகிறது என்பதே அதன் அடிப்படை. ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை என்பது ஏறத்தாழ 25 கிராம். அது நம் 30 மி.லி. பாகில் அப்படியே இருக்கிறது. ஆக, கடைக்காரர் ஒரு டம்ளரில் ஊற்றும் பாகை நீங்கள் ஒரு லிட்டரில் ஊற்றினால், வெயில் வேலைக்குப் பொருத்தமான பானம் கிடைத்துவிடும்.

வெயிலில் வேலை செய்வோருக்கான கலவை இது: ஒரு லிட்டர் குடிநீர், 30 மி.லி. நன்னாரிப் பாகு, அரை எலுமிச்சம்பழம், உப்பு. பழைய கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டு வருபவருக்கு இரண்டு சிட்டிகை உப்பு போதும். சரியாகச் சாப்பிடாமல், சட்டை நனைய வியர்ப்பவர் அரைத் தேக்கரண்டி வரை சேர்க்கலாம். உப்பளத்தில் நிற்பவருக்கு உப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லைதான். ஆனால் சட்டையில் வெள்ளையாகப் பூத்து நிற்பது உங்கள் உடலிலிருந்து போன உப்பு. ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்போ பாகோ சேர்க்கக் கூடாது. அவர்களுக்கு வெறும் தண்ணீரே நல்லது.

இந்த அளவில் முதலில் குடிக்கும்போது சப்பென்று தோன்றும். மூன்றாம் நாள் நாக்கு பழகிவிடும். நன்னாரியின் மணம் அப்போதுதான் தனியாகத் தெரியும். ஒருமுறை காய்ச்சிய பாகில் இப்படி 75 லிட்டர் பானம் கலக்கலாம். செலவுக்கும் இது கட்டுப்படியாகும். வீட்டில் விருந்தாளிக்கு என்றால் ஒரு டம்ளருக்கு ஒரு மேசைக்கரண்டி ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

தாகம் எடுத்த பின் குடிப்பதைவிட, 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் என்று குடிப்பதே வெயில் வேலைக்கான முறை. எல்லா டம்ளரும் பானமாக இருக்க வேண்டியதில்லை. நடுநடுவே வெறும் தண்ணீர், நீராகாரம், மோர் எதுவும் நல்லதே. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று பொருள்.

பெண் தொழிலாளர்கள் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும்: ஒதுங்கக் கழிப்பறை இல்லை. எந்தப் பாகும் இதற்குத் தீர்வு ஆகாது. உப்பளம் நடத்துவோர் நிழற்கூடம், குடிநீர், கழிப்பறை மூன்றையும் செய்துதர வேண்டும். அவை இருந்தால்தான் இந்தப் பானத்துக்கும் பயன் உண்டு.

ஒருவர் உளற ஆரம்பித்தாலோ, மயங்கி விழுந்தாலோ, உடல் நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பவாதம். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

மற்ற மூலிகைகள்

ஒரு லிட்டர் சாறு, 2 கிலோ சர்க்கரை, இரண்டு எலுமிச்சை என்ற கணக்கு எல்லாவற்றுக்கும் பொதுவானது. சாறு எடுக்கும் விதம்தான் மாறும்.

ஆவாரம்பூ: நிழலில் உலர்த்திய இதழ் 50 கிராம். கொதித்து இறக்கிய நீரில் கால் மணி நேரம் ஊறினால் போதும். அதிகம் ஊறினால் துவர்க்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பூத்திருப்பதைப் பறிக்காதீர்கள். வாகனப் புகையும் தூசியும் படிந்திருக்கும்.

செம்பருத்தி: ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூ 40. காம்பும் மகரந்தத் தண்டும் நீக்கி, பத்து நிமிடம் ஊறவையுங்கள். சாறு ஊதாவாக இருக்கும். எலுமிச்சை விழுந்ததும் செக்கச்செவேலென்று மாறும். சாயம் எதுவும் தேவையில்லை. இந்த நிறம் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் பாட்டிலைக் காகிதம் சுற்றி வையுங்கள்.

வெட்டிவேர்: 25 கிராம் போதும். மண் முழுவதும் போகக் கழுவி, நன்னாரிபோலவே இரவு ஊறவைக்க வேண்டும். நன்னாரியோடு பாதிக்குப் பாதி சேர்த்தால் மணம் இன்னும் நன்றாக இருக்கும்.

எலுமிச்சைப்புல்: பச்சைத் தாள் 50 கிராம் நறுக்கிப் போட்டு, மூடிப் பத்து நிமிடம் வையுங்கள்.

இவற்றில் எதிலும் தேயிலையில் உள்ள காஃபின் கிடையாது. கர்ப்பிணிகளும், தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்களும் எந்த மூலிகையையும் நாள்தோறும் எடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேரைத் தோண்டாமல் வளர்ப்போம்

இலையைப் பறித்தால் துளிர்க்கும். பூவைப் பறித்தால் மறுபடி பூக்கும். வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். சந்தைக்கு வரும் நன்னாரி வேரில் பெரும்பகுதி காட்டிலும் தரிசிலும் தோண்டி எடுத்ததுதான். மாகாளிக் கிழங்கு இப்படித் தோண்டித் தோண்டியே இன்று அழிவின் விளிம்புக்கு வந்திருக்கிறது. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கும் காப்புக்காடுகளிலும் வேர் தோண்டுவது சட்டப்படி குற்றம். கோயில் காடுகளையும் விட்டுவிடுங்கள். அங்குள்ள கொடிகள்தான் சுற்றுவட்டாரத்துக்கு விதை.

உங்கள் நிலத்திலேயே வளர்க்கலாம். நன்னாரிக்கு வடிகால் வசதியுள்ள மணற்பாங்கான மண் ஏற்றது. தென்னை, முந்திரித் தோப்புகளின் ஓரமும் வேலியோரமும் போதும். லேசான நிழலைத் தாங்கும். தண்டு அல்லது வேர்த் துண்டுகளை மழைக்காலத்தில் நட்டு, படர ஒரு குச்சி ஊன்றுங்கள். இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகளில் வேர் எடுக்கலாம். எடுக்கும்போது காய் வெடித்து விதை பறந்ததா என்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு வேரை மண்ணிலேயே விட்டு மூடினால் மறுபடி தழையும்.

நடுவதற்கு முன் கிணற்று நீரின் உப்புநிலையைச் சோதியுங்கள். மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸைத் தாண்டினால், முதலில் பத்துச் செடி மட்டும் வைத்துப் பாருங்கள். உப்புத்தன்மை அதிகமுள்ள நிலத்துக்கு வெட்டிவேரே பொருத்தம். மண்ணில் 8 டெசிசீமன்ஸ் அளவு வரை பெரிய பாதிப்பில்லாமல் தாங்கும். வரப்பில் நட்டால் மண் அரிப்பையும் தடுக்கும். பாத்திகளை ஒட்டிய நிலத்தில் இரண்டுமே வராது. அங்கே முயன்று பணத்தை வீணாக்க வேண்டாம்.

விற்க நினைப்பவர்களுக்கு

ஐப்பசி முதல் மார்கழி வரை உப்பள வேலை இருக்காது. தை, மாசியில் வேர் எடுத்து, பங்குனிக்குள் பாகு காய்ச்சி வைத்தால் கோடை முழுவதும் விற்கலாம். அதற்கான சமையலிடம், பாட்டில், பதிவு போன்ற ஏற்பாடுகளை வேலையில்லாத அந்த மூன்று மாதங்களில் மகளிர் குழுக்கள் செய்துகொள்ளலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. பாட்டிலில் சேர்பொருட்கள், தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பவை இருக்க வேண்டும். திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி, மண், நீர் பரிசோதனை பற்றியும் மதிப்புக்கூட்டல் பயிற்சி பற்றியும் விசாரியுங்கள்.

சந்தையில் "நன்னாரி சுவை" என்று மணப்பொருளும் நிறமும் மட்டும் கலந்த பாட்டில்களும் உண்டு. விலையில் அவற்றோடு போட்டி போட முடியாது. உங்கள் பாட்டிலில் "நன்னாரி வேர்ச் சாறு" என்று உண்மையாக எழுத முடியும். அதுதான் உங்கள் பலம். அதற்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்து அச்சிடுங்கள்: "வெயிலில் வேலை செய்வோர் ஒரு லிட்டர் நீருக்கு 30 மி.லி. மட்டும் கலக்கவும்." வாங்குபவருக்குப் பாட்டில் அதிக நாள் வரும், அவர் உடம்புக்கும் நல்லது. அடுத்த கோடையிலும் உங்களிடமே வருவார்.